ஐந்து கிராமும் ஐந்நூறு கிராமும்

ஒரு சவரன் 8 கிராம். அமெரிக்காவில் 1986 முதல் 2010 வரை, கொக்கைனின் கட்டி வடிவமான கிராக்கை, ஒரு சவரன்கூடத் தேறாத 5 கிராம், விற்றதாகச் சிக்கியவருக்கு ஐந்து வருடச் சிறை கட்டாயம். நீதிபதிக்கு மனம் இளகினாலும் அதற்குக் கீழே இறங்க அவருக்கு வழி மிகக் குறைவு. கொக்கைனைத் தூளாக விற்றவருக்கு இதே ஐந்து வருடம் விழ வேண்டுமானால் 500 கிராம் வேண்டும். அறுபத்திரண்டரை சவரன் எடை. பத்து வருடத்துக்கான கணக்கும் அப்படியே: கிராக் 50 கிராம், தூள் 5 கிலோ.

இவ்வளவுக்கும் இரண்டும் ஒரே சரக்குதான். கொக்கைன் தூளைத் தண்ணீரில் கரைத்து, ஆப்பசோடா போட்டு அடுப்பில் காய்ச்சினால் கட்டியாகத் திரளும். அதுதான் கிராக். சூடேறும்போது படபடவென்று வெடிக்கிற சத்தத்திலிருந்து வந்த பெயர். உடம்புக்குள் போய்ச் சேர்ந்தபின் இரண்டும் ஒரே மூலக்கூறு. சர்க்கரையும் கற்கண்டும் மாதிரி என்று சொன்னால் வேதியியல் ஆசிரியர் கோபித்துக்கொள்வார், ஆனாலும் ஏறக்குறைய சரி.

வித்தியாசம் உடம்புக்குள் போகும் வழியில் இருக்கிறது. தூளை மூக்கால் உறிஞ்சுவார்கள், கட்டியைப் புகைப்பார்கள். புகை நுரையீரல் வழியாக நொடிகளில் மூளையைத் தொடுகிறது. ஏறிய வேகத்திலேயே இறங்குகிறது. இறங்கியதும் அடுத்ததைக் கேட்கிறது. அதனால் புகைப்பவர் சீக்கிரம் அடிமையாகிறார் என்பது உண்மை. ஆனால் தூளைக் கரைத்து ஊசியில் ஏற்றினாலும் அதே வேகம்தான். ஊசிக்கென்று தனிக் கணக்கு எதையும் அந்தச் சட்டம் வைத்திருக்கவில்லை.

இன்னொரு வித்தியாசம் விலை. தூள் வாங்க ஒரே மூச்சில் பெரிய தொகை வேண்டும். அது வசதியானவர்களின் விருந்துகளில் புழங்கியது. கிராக் ஐந்து டாலருக்கும் பத்து டாலருக்கும் ஒரு கட்டியாகக் கிடைத்தது. பாட்டிலில் இருந்த ஷாம்பூ எண்பதுகளில் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளுக்கு சாஷேயாக வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வியாபார மூளைதான். சரக்கு பெருநகரங்களின் ஏழைக் குடியிருப்புகளுக்குப் போனது. அங்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள் இருந்தார்கள். வீட்டுக்குள் கைமாறாமல் தெருமுனையில் விற்றதால் போலீஸ் கண்ணிலும் எளிதாகப் பட்டது.

சரி, ஒன்றுக்கு நூறு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு கூடைப்பந்து வீரரின் சாவிலிருந்து. மேரிலாந்து பல்கலைக்கழக அணியின் லென் பயஸ், 22 வயது. 1986 ஜூன் 17 அன்று என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் வீரர் தேர்வில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. இரண்டே நாளில், ஜூன் 19 அன்று, கொக்கைனால் இதயத்துடிப்பு தாறுமாறாகி இறந்துபோனார். கிராக் கொன்றுவிட்டது என்று செய்தி பரவியது. அவர் உறிஞ்சியது தூள் என்பது பிறகு வந்த சாட்சியங்களில் தெரிந்தது. அதற்குள் கதை கைமீறிவிட்டது.

பிரதிநிதிகள் சபையின் அன்றைய சபாநாயகர் டிப் ஓ'நீல் பாஸ்டன் பகுதிக்காரர். ஜூலை விடுமுறைக்குத் தொகுதிக்குப் போன இடத்தில் வேறு பேச்சே இல்லை. நவம்பரில் தேர்தல். போதைப்பொருள் விஷயத்தில் குடியரசுக் கட்சியைவிடத் தாங்கள் கடுமையானவர்கள் என்று காட்ட ஜனநாயகக் கட்சிக்கு அவசரம். பின்தங்கிவிடக் கூடாது என்று குடியரசுக் கட்சிக்கும் அவசரம். ரீகன் அரசு சொன்ன விகிதம் ஒன்றுக்கு இருபது. பிரதிநிதிகள் சபையின் மசோதாவில் ஒன்றுக்கு ஐம்பது. செனட் அதை நூறாக்கியது. ஏலம் கேட்பதுபோல எண் ஏறியது என்று சொன்னால் மிகையில்லை. ஒரு சட்டத்துக்கு முன்னால் வழக்கமாக நடக்கும் நிபுணர் விசாரணைகள் இதில் பெயரளவுக்குத்தான் நடந்தன. தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில், அக்டோபர் 27 அன்று, ரீகன் கையெழுத்திட்டார்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு சட்டம். 5 கிராமுக்கு மேல் கிராக் வைத்திருந்தாலே போதும், விற்க வேண்டியதில்லை, ஐந்து வருடம். அப்போது ஹெராயின் உட்பட வேறு எந்தப் போதைப்பொருளையும் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்து முதல்முறை பிடிபட்டவருக்கு மத்தியச் சட்டத்தில் அதிகபட்சமே ஒரு வருடம்தான். இதோடு, 1987 நவம்பர் முதல் நடக்கும் மத்தியக் குற்றங்களுக்குப் பரோலும் எடுக்கப்பட்டுவிட்டது. பத்து வருடம் என்றால் நன்னடத்தைக் கழிவு போக எட்டரை வருடமாவது உள்ளே இருந்தாக வேண்டும்.

சட்டத்தில் எந்த இடத்திலும் கறுப்பர், வெள்ளையர் என்ற சொல் கிடையாது. அதில் இருந்தது எடைக்கல் ஒன்றுதான். அந்த எடைக்கல் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

அமெரிக்கத் தண்டனை ஆணையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்று மத்திய நீதிமன்றங்களுக்கு வழிகாட்டுவது அதன் வேலை. அது போட்ட கணக்கின்படி 5 கிராம் கிராக் என்பது 10 முதல் 50 தடவை புகைக்கும் அளவு. 500 கிராம் தூள் என்பது 2,500 முதல் 5,000 தடவைக்கானது. ஒருவர் தன் தெருவில் பொட்டலம் விற்பவர். மற்றவர் ஊருக்கே சப்ளை செய்பவர். இருவருக்கும் ஒரே ஐந்து வருடம்.

இதில் விசித்திரம் என்னவென்றால், கிராக் எங்கோ தென்னமெரிக்காவில் தயாராகிக் கப்பலில் வருவதில்லை. நாட்டுக்குள் நுழைவது தூள்தான். கடத்தி வரும் குருவியில் தொடங்கி மொத்த வியாபாரிவரை எல்லோரும் தூளைத்தான் கையாளுகிறார்கள். கடைசிப் படியில், ஒரு சமையலறை அடுப்பில், அது கிராக் ஆகிறது. ஆக, கிராக்குக்குக் கடும் தண்டனை என்றால் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குக் கடும் தண்டனை என்று அர்த்தம். பெரிய முதலைகளைப் பிடிக்கத்தான் இந்தச் சட்டம் என்று 1986இல் பேசினார்கள். 2005ஆம் ஆண்டு வழக்குகளை ஆணையம் அலசியபோது, கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் பாதிக்கு மேல் தெருமுனைச் சில்லறை வியாபாரிகள்.

அவர்கள் யார்? 2006இல் மத்திய நீதிமன்றங்களில் கிராக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களில் 81.8 சதவீதம் கறுப்பர்கள், 8.8 சதவீதம் வெள்ளையர்கள். கிராக் வழக்கில் சராசரித் தண்டனை சுமார் பத்து வருடம், தூள் வழக்கில் ஏழு. கிராக்கைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பர்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1991இல் வீடு வீடாக எடுத்த அரசுக் கணக்கெடுப்பில், முந்தைய ஒரு வருடத்தில் கிராக் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையர்கள்.

எடையை வைத்தே தண்டனை என்பதால் இன்னொரு கோளாறும் வந்தது. கூட்டுச்சதி என்று வழக்குப் போட்டால் கும்பல் மொத்தமும் விற்ற எடை அதில் இருந்த ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறலாம். தண்டனை குறைய முக்கியமான வழி, மேலே இருப்பவர்களைக் காட்டிக்கொடுப்பது. மேல்மட்டத்தில் இருப்பவருக்குக் காட்டிக்கொடுக்கப் பத்துப் பேர் தெரியும். வாசலில் காவல் நின்றவனுக்கு யாரைத் தெரியும்? கும்பல்காரனின் காதலிக்கு என்ன தெரியும்? விர்ஜீனியாவில் கல்லூரி மாணவியாக இருந்த கெம்பா ஸ்மித்தின் கதை இந்த வகைதான். காதலன் பெரிய கொக்கைன் வியாபாரி, அடிக்கிறவன் வேறு. அவர் தன் கையால் எதையும் விற்கவில்லை. காதலன் கொலையாகிவிட்டான். கும்பல் விற்ற எடை முழுக்க அவர் தலையில் விழுந்தது. இருபத்து நாலரை வருடம். 2000 டிசம்பரில் அதிபர் கிளின்டன் தண்டனையைக் குறைத்ததால் வெளியே வந்தார். அதற்குள் ஆறு வருடம் போயிருந்தது.

இந்தக் காலத்தின் மனநிலையைக் காட்ட ஒரே ஒரு சம்பவம் போதும். 1989 செப்டம்பர் 5. அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது மூத்த புஷ், தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசுகிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே கிராக். வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் பூங்காவில் பிடிபட்டது என்கிறார். வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது பாருங்கள் என்பதுதான் சேதி. நடந்ததோ வேறு. உரைக்கு இப்படி ஒரு காட்சிப்பொருள் வேண்டும் என்று கேட்டதால், அதிகாரிகளே நகரின் இன்னொரு மூலையில் இருந்த ஒரு பையனை அந்தப் பூங்காவுக்கு வரவழைத்தார்கள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 18 வயதுக் கறுப்பினப் பையன். வெள்ளை மாளிகைப் பக்கம் வா என்றதும் அது எங்கே இருக்கிறது என்று கேட்டானாம். "ஓ, ரீகன் இருக்கிற இடமா?" என்பது பதிவாகியிருக்கும் பதில். புஷ் பதவியேற்று ஏழு மாதம் ஆகியிருந்தது! பூங்கா விற்பனைக் குற்றச்சாட்டில் ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. ஆனாலும் அதற்கு முன் செய்த வேறு விற்பனைகளுக்காக அவனுக்குப் பத்து வருடம் விழுந்தது.

அப்புறம் 'கிராக் குழந்தைகள்' என்ற பீதி. கிராக் புகைத்த தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகள் ஒரு தலைமுறையே மூளை வளராமல் வளரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பிலடெல்பியாவில் டாக்டர் ஹாலம் ஹர்ட் 1989இல் தொடங்கி 224 குழந்தைகளை இருபது வருடத்துக்கும் மேல் தொடர்ந்து கவனித்தார். பாதிப் பேர் கருவில் கொக்கைனுக்கு ஆட்பட்டவர்கள், மீதிப் பேர் இல்லை. எல்லோருமே ஏழை வீட்டுப் பிள்ளைகள். இரு பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே தெரியவில்லை. இரு பிரிவுமே மற்ற பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தன. பிள்ளைகளை அதிகம் பாதித்தது வறுமை என்று தெரிந்தது. அந்தச் செய்தி முதல் பக்கத்தில் வர இருபது வருடம் தாமதம்.

நீதிமன்றத்துக்குப் போகவில்லையா என்றால், போனார்கள். மினசோட்டா மாநிலத்தில் இதே மாதிரி ஒரு மாநிலச் சட்டம்: கிராக்குக்கு 3 கிராம் எல்லை, தூளுக்கு 10 கிராம். 1988இல் அங்கே கிராக் வைத்திருந்ததாக வழக்குப் போடப்பட்டவர்களில் 96.6 சதவீதம் கறுப்பர்கள், தூள் வழக்குகளில் 79.6 சதவீதம் வெள்ளையர்கள். பமேலா அலெக்சாண்டர் என்ற கறுப்பின நீதிபதி இந்தச் சட்டம் செல்லாது என்றார். 1991இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் காட்டு என்று கேட்டது, அரசால் காட்ட முடியவில்லை. அவ்வளவுதான்.

மத்திய நீதிமன்றங்களில் கதை வேறு. அங்கே கேள்வியே மாறிவிடுகிறது. விளைவு இப்படி இருக்கிறது என்று காட்டினால் போதாது, சட்டம் போட்டவர்களுக்குப் பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகர மத்திய நீதிபதி கிளைட் கேஹில் 1994இல் இந்தச் சட்டம் சமத்துவத்துக்கு எதிரானது என்று துணிந்து தீர்ப்பெழுதினார். பீதியில் போட்ட சட்டத்துக்குள் அறியாமலே இனவெறுப்பு புகுந்துவிட்டது என்பது அவர் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டில் அதைத் தூக்கி எறிந்தது. லாஸ் ஏஞ்சலிஸில், வசதியில்லாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞர் அலுவலகம் ஒரு பட்டியலைக் காட்டியது: 1991இல் அவர்கள் நடத்தி முடித்த 24 கிராக் வழக்குகளிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் கறுப்பர்கள். எந்த அடிப்படையில் ஆள் தேர்ந்தெடுக்கிறீர்கள், கோப்புகளைக் காட்டுங்கள் என்று அரசுத் தரப்பைக் கேட்டார்கள். இதே குற்றம் செய்த வெள்ளையர்கள் விடுபட்டார்கள் என்பதற்கு முதலில் நீங்கள் ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றது உச்ச நீதிமன்றம், 1996இல், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில். ஆதாரம் கோப்பில் இருக்கிறது. கோப்பைப் பார்க்க ஆதாரம் வேண்டும்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1986 சட்டத்துக்கு நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்களில் கணிசமானோர் ஆதரவாக வாக்களித்தார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி உறுப்பினர் சார்லஸ் ரேஞ்சல் போதைப்பொருள் குழுவின் தலைவராக இருந்து நடவடிக்கை போதாது என்று அரசை விரட்டிக்கொண்டிருந்தார். காரணம் புரியாததல்ல. தெருமுனையில் துப்பாக்கிச் சூடு, பாட்டி வீட்டு டிவியைப் பேரன் விற்றுப் புகைப்பது, மாலை ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாத நிலை. இதையெல்லாம் அனுபவித்தவர்கள் அந்த மக்கள்தான். போலீஸ் வரட்டும் என்றார்கள். பள்ளி, வேலை, சிகிச்சை மையம் எல்லாம் வரட்டும் என்றும் கேட்டார்கள். வந்தது போலீஸ் மட்டும்.

அதனால் இது முழுக்க முழுக்க வெள்ளையர் சதி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1986ஐ பீதி, அவசரம், தேர்தல் என்று சொல்லி ஒருவேளை மன்னித்துவிடலாம். 1995ஐ மன்னிக்க முடியாது.

அந்த ஆண்டு என்ன நடந்தது என்றால், தண்டனை ஆணையம் முழு ஆய்வு செய்து, நூறு மடங்குக்கு அடிப்படையே இல்லை என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. கிராக்கில் வன்முறை அதிகம் என்ற வாதத்தையும் எடுத்துக்கொண்டது: துப்பாக்கி வைத்திருந்தால் அதற்குத் தனித் தண்டனை ஏற்கெனவே இருக்கிறதே, எல்லோர் தலையிலும் ஏன் ஏற்ற வேண்டும்? வழிகாட்டு விதிகளில் இரண்டையும் சமமாக்கலாம் என்று நாலுக்கு மூன்று வாக்கில் முடிவு செய்தது. ஆணையம் சொல்கிற திருத்தம் நாடாளுமன்றம் தடுக்காவிட்டால் தானாக அமலுக்கு வந்துவிடும். அதுவரை ஒரு திருத்தத்தைக்கூட நாடாளுமன்றம் தடுத்ததில்லை. இதைத் தடுத்தது. அக்டோபர் 16 அன்று வாஷிங்டனில் லட்சக்கணக்கான கறுப்பின ஆண்கள் திரண்ட பேரணி. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 18 அன்று, பிரதிநிதிகள் சபை 332க்கு 83 என்று ஆணையத்தின் திருத்தத்தை நிராகரித்தது. செய்தி சிறைகளுக்குள் எட்டியதும் அலபாமா, டென்னசி, இல்லினாய், பென்சில்வேனியா மத்தியச் சிறைகளில் கலவரம். அக்டோபர் 20 அன்று நாடு முழுக்க மத்தியச் சிறைகளில் கைதிகளை அறைக்குள் போட்டுப் பூட்டினார்கள். மாதக் கடைசியில் கிளின்டன் கையெழுத்திட்டார். தகவல் தெரியாது என்று இந்த முறை யாரும் சொல்ல முடியாது. அறிக்கை எல்லோர் மேசையிலும் இருந்தது.

பிறகு பன்னிரண்டு வருடம் ஒன்றும் நகரவில்லை. ஆணையம் 1997இல் ஒன்றுக்கு ஐந்து போதும் என்றது, 2002இல் ஒன்றுக்கு இருபது என்றாவது ஆக்குங்கள் என்று இறங்கி வந்தது. காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. 2007இல் ஆணையம் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட அளவில் வழிகாட்டு விதிகளைச் சற்றுத் தளர்த்தியது. அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த விகிதம் தவறு என்று நீதிபதி கருதினால் வழிகாட்டு விதிக்குக் கீழே தண்டனை கொடுக்கலாம் என்றது. ஆனால் கட்டாயத் தண்டனை சட்டத்தில் இருப்பது. அதை நாடாளுமன்றம்தான் தொட முடியும்.

2010இல் தொட்டது. சமமாக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பின் மசோதா கொண்டுவந்தார். குடியரசுக் கட்சியின் ஜெஃப் செஷன்ஸ் அவ்வளவு தூரம் போக முடியாது என்றார். பேரம் நடந்து ஒன்றுக்கு பதினெட்டில் வந்து நின்றது. ஏன் பதினெட்டு? எந்த ஆய்வகமும் சொன்ன எண் அல்ல அது. 5 கிராம் 28 ஆனது, 50 கிராம் 280 ஆனது. இப்போது மூன்றரை சவரன். வெறுமனே வைத்திருந்ததற்கான கட்டாய ஐந்து வருடத்தை நீக்கினார்கள். ஆகஸ்ட் 3 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். புதிய சட்டம் ஏற்கெனவே தண்டனை பெற்று உள்ளே இருந்தவர்களைத் தொடவில்லை. தவறு என்று ஒப்புக்கொண்ட சட்டத்தின்படியே அவர்களில் பலர் எட்டு வருடம்வரை உள்ளேயே இருந்தார்கள். 2018 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம்தான் பழைய கைதிகளும் மனுப் போடலாம் என்றது. அதன்பின் சில ஆண்டுகளில் 3,000க்கும் மேற்பட்டோரின் தண்டனை குறைந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பர்கள். யாருக்கு எதிராகச் சட்டம் பாய்ந்தது என்பதற்கு இதைவிட வேறு புள்ளிவிவரம் வேண்டாம்.

இதற்கிடையில் நாட்டில் இன்னொரு போதை அலை வந்திருந்தது. பர்டியூ நிறுவனம் 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். அந்த விளம்பரம் பொய் என்று நிறுவனமே 2007இல் மத்திய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் இழப்பீடும் 60 கோடி டாலருக்கு மேல். மூன்று உயர் அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள், லேசான குற்றமாக. கிடைத்த தண்டனை: நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேர சமூக சேவையும். ஒரு நாள்கூடச் சிறை இல்லை. அதே ஆண்டு, 5 கிராமுக்கு ஐந்து வருடம் நடைமுறையில்தான் இருந்தது.

மாத்திரைக்கு அடிமையானவர்களில் ஆரம்பத்தில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். நாட்டின் பேச்சு மாறியது. போதை ஒரு நோய், அடிமையானவர் நோயாளி என்று செனட்டர்களே சொல்லத் தொடங்கினார்கள். அது சரியான பேச்சுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிராக் காலத்தில் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. இன்றைக்கும் சிகிச்சையில்கூட இரண்டு வாசல்கள் இருக்கின்றன. மெத்தடோன் மருந்து வேண்டுமென்றால் தனி மையத்துக்குப் போக வேண்டும், பலர் தினமும் வரிசையில் நின்று கண்காணிப்பாளர் முன்னால் குடிக்க வேண்டும். 2002இல் அனுமதி பெற்ற புப்ரெனார்ஃபினை சாதாரண டாக்டர் எழுதித் தரலாம், வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். முதல் வரிசையில் கறுப்பர்களும் லத்தீன் இனத்தவரும் அதிகம். இரண்டாவது மருந்து காப்பீடும் கையில் காசும் உள்ள வெள்ளையர்களுக்கே பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது. 2020இலிருந்து அளவுமீறிய போதையால் இறக்கும் விகிதம் வெள்ளையர்களைவிடக் கறுப்பர்களிடையே அதிகம்.

ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருள் வந்தபிறகு எடைக்கல்லும் திரும்பி வந்துவிட்டது. 40 கிராம் கலவைக்கு ஐந்து வருடம், 400 கிராமுக்குப் பத்து. கலவை என்றால் மாவு, சர்க்கரை, வலி மாத்திரைத் தூள் எல்லாம் சேர்ந்த எடை. 2025 ஜூலையில் ஃபென்டனில் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற ரசாயனங்களையும் இந்தக் கட்டாயத் தண்டனை வளையத்துக்குள் நிரந்தரமாகக் கொண்டுவந்தார்கள். இரு கட்சியும் சேர்ந்து, 1986 மாதிரியே.

கிராக் கணக்கு மட்டும் பதினெட்டிலேயே நிற்கிறது. 2021 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை முழுச் சமத்துவத்துக்கு 361க்கு 66 என்று வாக்களித்தது. மசோதா செனட்டில் போய்த் தூங்கியது. 2022 டிசம்பரில் நீதித்துறை அமைச்சர் மெரிக் கார்லண்ட், கிராக்கையும் தூளைப்போலவே கருதி வழக்குப் போடுங்கள் என்று அரசு வழக்கறிஞர்களுக்குச் சுற்றறிக்கை விட்டார். சுற்றறிக்கையின் ஆயுள் அமைச்சரின் ஆயுள்தானே. 1986இல் செனட்டராக அந்தச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜோ பைடன், பெரிய தவறு செய்துவிட்டோம் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். பதவி முடிய மூன்று நாள் இருக்கையில், 2025 ஜனவரி 17 அன்று, போதைப்பொருள் வழக்குகளில் உள்ளே இருந்த ஏறக்குறைய 2,500 பேரின் தண்டனையை ஒரே நாளில் குறைத்தார். காரணமாக அவர் சொன்னவற்றில் இந்த விகிதமும் ஒன்று.

2021இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த, டெரி என்பவரின் வழக்கு இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது. ஃபுளோரிடாவில் 2008இல் பிடிபட்டபோது அவரிடம் இருந்தது 3.9 கிராம் கிராக், அரை சவரனுக்கும் குறைவு. பழைய குற்றங்களையும் சேர்த்துப் பதினைந்தரை வருடத்துக்கு மேல் கிடைத்தது. 2018 சட்டப்படி தண்டனையைக் குறைக்கக் கேட்டார். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக முடியாது என்றார்கள். 2010 சட்டம் மாற்றியது 5 கிராம், 50 கிராம் என்ற இரண்டு எல்லைகளைத்தான்; ஐந்துக்குக் கீழே எல்லை எதுவுமே இல்லாததால் மாறுவதற்கும் எதுவும் இல்லை, ஆகவே நிவாரணமும் இல்லை. 6 கிராம் வைத்திருந்தவர் மனுப் போடலாம், 60 கிராம் வைத்திருந்தவரும் போடலாம், 3.9 கிராம்காரர் போட முடியாது.

தீர்ப்பை எழுதியவர் கறுப்பின நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். 1986இல் கறுப்பினத் தலைவர்களும் இந்தச் சட்டத்தைக் கேட்டார்கள் என்று வரலாற்றையும் அதில் எடுத்துச் சொன்னார். முடிவை ஏற்றுக்கொண்ட நீதிபதி சோனியா சோட்டோமேயர் அந்த வரலாற்றுப் பகுதியில் மட்டும் கையெழுத்திட மறுத்தார். அது தேவையில்லாதது, அரைகுறை, கறை துடைத்துக் காட்டும் வரலாறு என்று தனியாக எழுதிவைத்தார். இதை நாடாளுமன்றம் சரிசெய்யலாம் என்றும் எழுதினார்.